சாவி அவளிட்ட, வசனம் என்னட்ட

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நானே முதல்ல சொல்லிப்போடுறன், பிறகு ஆரும் சொல்லி நீங்கள் அறியத் தேவையில்லை. லிங்கநகரில எங்கட ஒழுங்கைக்குத் தண்ணி பவுசர் வந்தால் வரிசையைச் சரிக்கட்ட என்னைத்தான் கூப்பிடுவினம். "குணமணி நிண்டால் ஒருத்தரும் இடையில நுழையமாட்டினம்" எண்டு சொல்லுவினம். அது புகழ்ச்சியோ ஏச்சோ எண்டு நான் விசாரிச்சதில்லை.

இந்த வாயாலதான் அபூதாஹிர் எண்ட மனிசன்ர உயிர் பத்து நிமிஷம் அந்தரத்தில கிடந்தது. வேறை ஆரும் சொன்னால் கூட்டிக் குறைச்சுச் சொல்லுவினம். நானே சொல்லுறன்.

நான் வேலை செய்தது திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த ஒரு மேல்மாடிக் கந்தோரில. பிடிபட்ட ஆக்கள், காணாமல் போன ஆக்கள், இவையின்ர குடும்பங்கள் வந்து சொல்லுறதை எழுதி, கொண்டுவாற காகிதங்களை ஸ்கேன் பண்ணிக் கொம்பியூட்டருக்குள்ள வைக்கிறது வேலை. மூண்டே மூண்டு பேர். பொறுப்பாத் தங்கரத்தினம் ஐயா, அவருக்குக் கீழ நான், எனக்கு அஞ்சு வயது இளமையா ரபீக்கா. ரபீக்காவுக்கு ஊர் கிண்ணியா. சனமும் வாகனமும் ஒண்டா ஏறுற அந்த மிதவையை எங்கட பக்கம் பாதை எண்டு சொல்லுவம். ஒவ்வொரு நாளும் காலமை அதில ஏறிக் கடலைக் கடந்து, பஸ் எடுத்து, எனக்கு முன்னம் வந்து கதவடியில நிப்பாள். அதுவும் எனக்குக் கோவம்தான்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் கொழும்பிலயிருந்து குணரத்தினம் எண்டு ஒருத்தர் வந்து, எங்கட ஃபைலுகளைப் பூட்டி வைக்கிறதுக்குப் பழக்கினவர். படமும் இல்லை, பொத்தானும் இல்லை. கறுப்புத் திரை, அதில கட்டளையை அடிக்கவேணும். ஜீபீஜீ எண்டு அடிச்சு, ரெண்டு சின்னக் கோடு போட்டு, என்ன செய்யவேணும் எண்டு எழுதி, ஃபைலின்ர பேரை எழுதவேணும். ஒரு கோடு குறைஞ்சால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு ஏதோ இங்கிலீஷில ஏசும். எனக்கு அதைப் பிடிச்சுது. என்னை மாதிரி ஒண்டு.

அவர் சொன்ன விஷயம் இவ்வளவுதான். ரெண்டு சாவி இருக்கும். ஒண்டு பூட்டமட்டும், அது ஆரிட்ட இருந்தாலும் பயமில்லை. மற்றது திறக்கிற சாவி. பூட்டினவரே எண்டாலும் அது இல்லாமல் திறக்க ஏலாது. அந்தத் திறக்கிற சாவிக்கும் ஒரு காவல் இருக்கு. ஒரு வசனத்தை அடிச்சால்தான் அது வேலை செய்யும்.

தங்கரத்தினம் ஐயாவுக்கு அண்டைக்கே ஒரு யோசினை வந்திட்டுது. "சாவி ஒருத்தியிட்ட, வசனம் மற்றவவிட்ட. ஒருத்தியைப் பிடிச்சுக்கொண்டு போனாலும் ஒண்டும் திறக்காது" எண்டார். பிடிச்சுக்கொண்டு போறதைப் பற்றி மனிசன் மீன் வாங்கிற மாதிரித்தான் கதைச்சவர். அந்த நாள் அப்பிடி.

சாவி ரபீக்காவுக்குப் போச்சு. பூட்டின ஃபைலுகளின்ர பிரதியையும் சாவியையும் திறக்கிற புரோகிராமையும் ஒரு பென் டிரைவில போட்டு, அதைக் கறுப்புத் துணியில இசுமுக்கூடு மாதிரித் தைச்சு, கறுப்புக் கயித்தில கழுத்தில போட்டுக்கொண்டாள். அவையின்ர ஆக்கள் ஓதிக் கட்டிக்கொள்ளுற கூடு. செக்பொயின்டில சோதிக்கிற பொம்பிளையள் அதில கை வைக்கமாட்டினம். அடியில ஒரு அமுக்குப் பொத்தான் இருந்தது, அது எங்கள் மூண்டு பேருக்கும்தான் தெரியும்.

வசனம் எனக்கு. "நீளமா இருக்கவேணும், ஆரும் ஊகிக்க ஏலாததா இருக்கவேணும், நீங்கள் சாகும்வரை மறக்காததா இருக்கவேணும்" எண்டு சொல்லிப்போட்டுக் குணரத்தினம் அங்கால திரும்பி நிண்டார்.

அதுக்கு முதல் கிழமைதான் ஒரு சம்பவம் நடந்தது. நான் கொழும்பில ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தனான். ரபீக்காவுக்கு மட்டும்தான் சொன்னது. மூண்டாம் நாள் தங்கரத்தினம் ஐயா, வந்திருந்த சனத்துக்கு முன்னால, "குணமணி, கொழும்புக்குப் போறீராமே, எங்களை விட்டிட்டு?" எண்டு கேட்டார். எனக்கு நிலத்துக்குள்ள போகலாம் போல இருந்தது. அந்த வேலையும் கிடைக்கேல்லை, அது வேறை கதை. நான் ரபீக்காவிட்ட நேரே போய்க் கேட்டிருக்கவேணும். கேக்கேல்லை. பவுசரடியில வாற வாய், கேக்கவேண்டிய இடத்தில வராமல் போச்சு. வயித்துக்குள்ள வைச்சுக்கொண்டு திரிஞ்சனான்.

குணரத்தினம் வசனம் எழுதுங்கோ எண்டு சொன்ன நேரம் எனக்கு வேறை ஒண்டும் வரேல்லை. இங்கிலீஷ் எழுத்தில தமிழை அடிச்சன்: ரபீக்காவை நம்பினால் நடுக்கடலில இறங்கி நடக்கவேணும்.

அதுக்குப் பிறகு ஒண்டரை வருஷம் அதுதான் வசனம். ஃபைல் ஒண்டைத் திறக்கவேணும் எண்டால் ரபீக்கா கழுத்துக் கயித்தைக் கழட்டிப் பென் டிரைவைத் தருவாள். நான், "முகத்தைத் திருப்படி" எண்டு சொல்லுவன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பித் துறைமுகத்தைப் பாத்துக்கொண்டு, எந்தக் கப்பல் வந்திருக்கு, எந்தக் கப்பல் போட்டுது எண்டு சொல்லுவாள். அவளின்ர முதுகைப் பாத்துக்கொண்டு நான் அவளை ஏசி ஏசித் திறப்பன். அடிக்கேக்க திரையில ஒரு எழுத்தும் தெரியாது. அதனால அவள் திரும்பினாலும் ஒண்டும் தெரியாது. ஆனாலும் ஒரு நாளும் திரும்பினதில்லை.

எட்டு மாதம் கழிச்சுத்தான் எனக்கு விஷயம் தெரிஞ்சது. கொழும்புக் கந்தோர்க்காரர் என்னைப் பற்றி விசாரிக்கத் தங்கரத்தினம் ஐயாவுக்கே போன் எடுத்திருக்கினம். அவர் அதைச் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுறார். ரபீக்கா ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை. அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்லை. வசனத்தை மாத்தியிருக்கலாம், அதுக்கு ஒரு கட்டளைதான். ஆனால் மாத்தினால் ஏன் மாத்துறீங்கள் எண்டு கேப்பாள், எனக்கு முகத்தில தெரிஞ்சுபோடும். நாளைக்கு மாத்துவம், நாளைக்கு மாத்துவம் எண்டு விட்டிட்டன். விரலும் பழகிப்போச்சு.

2006 ஆடி மாதம் மூதூர் சல்ஹா எங்களிட்ட வந்தவ. அவவின்ர புருஷன் அபூதாஹிர் மூதூருக்கும் திருகோணமலைக்கும் ஓடுற லோஞ்சுப் படகில வேலை. படகுத் துறையில வைச்சுப் படைக்காரர் அவரைப் பிடிச்சவை. பிடிச்சவை ஒரு துண்டு எழுதிக் குடுத்திருக்கினம்: பேர், திகதி, ஒரு இலக்கம், ஒரு கையெழுத்து. அந்தத் துண்டு சின்ன விஷயமில்லை. துண்டு இருந்தால் ஆள் அவையிட்ட இருக்கு எண்டு அர்த்தம். துண்டு இல்லாட்டி, "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை" எண்டு ஒரு வசனத்தில முடிச்சுப்போடுவினம். நான் துண்டை ஸ்கேன் பண்ணி, பூட்டி, பூட்டாத பிரதியை அழிச்சன். அதுதான் எங்கட முறை. மூலத்தை அவவிட்டயே திருப்பிக் குடுத்தன். "இதைத் துலைச்சியோ, உன்னை நானே பிடிச்சுக் குடுப்பன்" எண்டு சொன்னனான். பாவம், சிரிச்சவ.

அடுத்த மாதம் மூதூரில சண்டை. சனம் முழுக்க உடுத்த உடுப்போட கந்தளாய்க்கு நடந்தது. சல்ஹாவும் ரெண்டு பிள்ளையளோட நடந்தவ. துண்டைச் சட்டைக்குள்ள வைச்சிருந்தவ. வயல் வாய்க்கால் கடந்தது, வெயில், வேர்வை. கந்தளாயில எடுத்துப் பாத்தால் துண்டு இருக்கு, எழுத்து இல்லை. நீல மை முழுக்கக் கரைஞ்சு வெறும் கறை.

ரபீக்கா அந்த நேரம் கந்தளாயில. இடம்பெயர்ந்த சனத்துக்கு உதவ எண்டு போனவள், பின்னால வீதியைப் பூட்டிப்போட்டினம். பாதையும் ஓடேல்லை. சாவி கந்தளாயில, நான் திருகோணமலையில, நடுவில போர். கைபோன் எல்லாம் நிப்பாட்டியிருந்தது. லேன்ட் போன் மட்டும் நினைச்ச நேரம் வேலை செய்யும்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்குப் போன் அடிச்சுது. ரபீக்கா.

"அக்கா, கந்தளாய் டவுனுக்க ஒரு கொமினிகேஷன் கடையில நிக்கிறன், கொம்பியூட்டரும் இருக்கு. சல்ஹா பக்கத்தில நிக்கிறா. கொழும்பில இருந்து லோயர் அம்மாவும் வந்திருக்கிறா."

அந்தச் சட்டத்தரணி அம்மாவுக்கு, பிடிபட்ட ஆக்களை வைச்சிருக்கிற படை முகாமுக்குள்ள போக அண்டைக்கு ஒரு நாள்தான் அனுமதி, மூண்டு மணிக்கு. அங்க இருக்கிற ஆக்களை அடுத்த நாள் வேறை எங்கயோ ஏத்துகினமாம், எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. துண்டின்ர இலக்கமும் கையெழுத்தும் கையில இருந்தால் அபூதாஹிரைக் கேக்கலாம். இல்லாட்டிக் கேட்டும் பிரயோசனமில்லை. ரெண்டரைக்கு அவ வெளிக்கிட்டாகவேணும்.

"ஃபைல் என்ட கழுத்திலதான் இருக்கு அக்கா. சாவியும் இருக்கு. வசனத்தச் சொல்லுங்க" எண்டாள்.



நான் என்ன செய்தனான் எண்டு சொல்ல வெக்கமா இருக்கு, ஆனாலும் சொல்லுறன். "போனில வசனம் சொல்லக்கூடாது, கேட்டுக்கொண்டிருப்பாங்கள்" எண்டன். உண்மைதான், ஆனால் காரணம் அதில்லை. "ஆரையும் வீதியால அனுப்பட்டோ" எண்டன். வீதி பூட்டு எண்டு எனக்குத் தெரியாதோ? "அந்தக் கடைக் கொம்பியூட்டரை நம்ப ஏலாது" எண்டன். ரபீக்கா எல்லாத்துக்கும் பொறுமையாப் பதில் சொன்னாள். ஒட்டுக் கேக்கிறவனிட்டச் சாவி இல்லையே, வசனத்தை வைச்சுக்கொண்டு என்ன செய்வான்? திறந்த கையோட வசனத்தை மாத்துவம். கடைக்காரர் வெளியில நிக்கிறார், நல்ல மனிசன். எல்லாம் சரி. பத்து நிமிஷம் போட்டுது. பிறகு போனில சல்ஹாவின்ர குரல் கேட்டுது.

"மிஸ், தெறக்க ஏலாதா மிஸ்?"

அவ்வளவுதான் கேட்டவ. சீ, நீயும் ஒரு மனிசியா எண்டு எனக்கு நானே சொன்னன். அங்க ஒரு மனிசன்ர உயிர், இஞ்ச உனக்கு மரியாதை பெரிசாப் போச்சு.

தங்கரத்தினம் ஐயா பக்கத்துக் கதிரையில இருந்து என்னையே பாத்துக்கொண்டிருந்தார். "ஐயா, வெளியில போங்கோ" எண்டன். "என்ன?" எண்டார். "போங்கோ எண்டு சொல்லுறன்!" எண்டு கத்தினன். மனிசன் தேத்தண்ணிக் கோப்பையோட எழும்பிப் போட்டுது.

"ரபீக்கா, கட்டளையை அடிச்சிட்டியா?"

"அடிச்சிட்டன். வசனம் கேக்குது."

"ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுறன். எல்லாம் சின்ன எழுத்து. சொல்லுக்கிடையில ஒரு இடம் விடு. திரையில ஒண்டும் தெரியாது, அது அப்பிடித்தான்."

சொல்லத் தொடங்கினன். ஆர், ஏ, எஃப், ரெண்டு ஈ, கே. அங்கால விசைப்பலகை டக் டக் எண்டு கேட்டுது. பிறகு நிண்டுது.

"அக்கா, இது என்ட பேரு."

"ஓம். அடி."

அடிச்சாள். நம்பினால் எண்டதைச் சொன்னன். நடுக்கடலில எண்டதைச் சொன்னன். இறங்கி எண்டதைச் சொன்னன். ஒவ்வொரு எழுத்தும் வாயில கல்லு மாதிரி. அவள் ஒவ்வொரு சொல்லு முடியவும் "ம்" எண்டு மட்டும் சொன்னாள். கடைசி எழுத்தைச் சொல்லி முடிச்சன்.

"பிழையாம் அக்கா" எண்டாள். குரல் வெறுமையா இருந்தது. "இந்தக் கடைக் கீபோட் இறுகுது. ஒரு எழுத்து விழல போல."

"மூண்டு தரம் அடிக்க விடும். திரும்ப முதல்ல இருந்து சொல்லுறன், கேள்."

"வேணாம் அக்கா. எனக்குப் பாடமாப் போச்சு. நடுக்கடலுக்கு ரெண்டு கே தானே?"

"ஓம். ரெண்டு."

ஒவ்வொரு விசையா அழுத்தி அழுத்தி அடிக்கிறது எனக்குக் கேட்டுது. அவளைப் பற்றின ஏச்சை, அவளே, ஒரு எழுத்துப் பிசகாமல். நான் போனைக் காதில வைச்சபடி அழுதன். இதைச் சொல்லுறதில எனக்கு ஒண்டும் குறைஞ்சுபோகாது.

"தெறந்திட்டு" எண்டாள். பின்னால சல்ஹா, "அல்லாஹ்!" எண்டு கத்தினது எனக்கும் கேட்டுது. பிரிண்டர் இழுக்கிற சத்தம் வந்தது. மணி ரெண்டு இருவது.

"ரபீக்கா, போனை வைக்காதை. இந்த வசனம் இனி உதவாது, போனில சொன்னது வெளியில போனது மாதிரித்தான். இப்பவே மாத்து" எண்டு சொல்லி, சாவியைத் திருத்துற கட்டளையையும், அதுக்குள்ள போய் அடிக்கிற சொல்லையும் சொன்னன். "புது வசனத்தை ரெண்டு தரம் கேக்கும். நீயே ஒண்டை வை. எனக்குச் சொல்லாதை."

"அப்ப சாவியும் என்னட்ட, வசனமும் என்னட்ட" எண்டாள்.

"ஓம்."

"நம்புறீங்களா அக்கா?"

"நம்புறன்."

"நடுக்கடல்ல எறங்கி நடப்பீங்களா?"

அவள் சிரிச்சுக்கொண்டு கேக்கேல்லை. நானும் சிரிக்கேல்லை. "நடக்கிறன்" எண்டன். "கெதியா மாத்து. கடைசியில சேவ் எண்டு அடி, அடிக்காட்டி மாறாது."

சட்டத்தரணி அம்மா மூண்டு மணிக்கு முகாமுக்குப் போனவ. அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டுதான் முதல்ல சொல்லியிருக்கினம். அவ பிரிண்டை மேசையில வைச்சு, இலக்கத்தில விரலை வைச்சுக்கொண்டு இருந்தவவாம். நாப்பது நிமிஷத்தால அபூதாஹிரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினவை. அஞ்சரைக்கு அவ போனில, "ஆள் உயிரோட இருக்கிறார், நான் கதைச்சனான்" எண்டு சொன்னவ. பதிவிலயும் பேரை எழுதுவிச்சுப்போட்டுத்தான் வந்திருக்கிறா. எழுதின பேரை அழிக்கிறது லேசில்லை.

அதுக்குப் பிறகு ஆறு கிழமை ரபீக்கா கந்தளாயிலயே நிண்டிட்டாள். நான் கந்தோரில புதுசா வாற ஃபைலுகளைப் பூட்டிக்கொண்டிருந்தன். திறக்கிறதுக்கு என்னட்டச் சாவியும் இல்லை, வசனமும் இல்லை. நான் எழுதினதை நானே பாக்க ஏலாது. சரியான தண்டனை எண்டு நினைச்சன்.

புரட்டாதியில சனம் மூதூருக்குத் திரும்பத் தொடங்கினது. ஒரு காலமை கந்தோர்க் கதவடியில எனக்கு முன்னமே மூண்டு பேர் நிண்டவை. ரபீக்கா, சல்ஹா, நடுவில மெலிஞ்ச ஒரு மனிசன். விட்டுப்போட்டாங்கள். அபூதாஹிரை அண்டைக்குத்தான் நான் நேரில கண்டது. அவர் தன்ர வாக்குமூலத்தையும் மனிசியின்ர ஃபைலோட சேர்க்கவேணும் எண்டு வந்தவர். கதிரையைக் காட்டினன், நுனியில இருந்தார்.

ஃபைலைத் திறக்கவேணும். நான் கொம்பியூட்டரைப் போட்டன். ரபீக்கா கயித்தைக் கழட்டிப் பென் டிரைவைச் செருகிப்போட்டு, என்ர கதிரையில தான் இருந்துகொண்டாள்.

"முகத்தத் திருப்புங்க அக்கா" எண்டாள்.

நான் எழும்பி ஜன்னல் பக்கம் திரும்பி நிண்டன். துறைமுகத்தில ஒரு சாம்பல் கப்பல் நிண்டுது. ஒண்டரை வருஷமா இவள் இதைத்தானே பாத்துக்கொண்டு நிண்டவள் எண்டு நினைச்சன். பின்னால அவள் அடிக்கத் தொடங்கினாள். சுணங்கிச் சுணங்கி அடிச்சாள். நீளமான வசனம்.

"ரபீக்கா, நான் செய்தது பிழையடி. கொழும்பு வேலையைப் பற்றி ஐயாவுக்கு நீ சொல்லேல்லை எண்டு எனக்குப் பிறகு தெரிஞ்சது. தெரிஞ்சும் மாத்தேல்லை. மன்னிச்சுக்கொள்" எண்டன், ஜன்னலைப் பாத்துக்கொண்டே.

"கதைக்காதீங்க, எழுத்துப் பிசகும்" எண்டாள்.

சல்ஹா அபூதாஹிருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவ: "அண்டைக்குக் கடையில ரபீக்கா ராத்தா இப்பிடித்தான் தட்டினவங்க. தட்டத் தட்டக் கண்ணால தண்ணி ஓடுது. நான், ஒங்கட துண்டு தெறக்குதில்ல எண்டாக்கும் பயந்திட்டன்."

ஃபைல் திறந்தது. அபூதாஹிர் சொல்லச் சொல்ல நான் எழுதினன், அவர் கையெழுத்து வைச்சார், ஸ்கேன் பண்ணி எல்லாத்தையும் திரும்பப் பூட்டினம். அவை ரெண்டு பேரும் லோஞ்சுக்கு நேரமாச்சு எண்டு எழும்பினவை.

ரபீக்கா பென் டிரைவைக் கழட்டிக் கறுப்புத் துணிக்குள்ள போட்டுப் பொத்தானை அமுக்கினாள். கழுத்தில போடுவாள் எண்டு பாத்தால், கயித்தை விரிச்சு என்ர தலைக்கு மேலால போட்டாள்.

"வசனம் இப்ப என்னட்ட. அப்ப சாவி ஒங்களிட்ட இருக்கணும். அதுதானே முறை" எண்டாள்.

"என்ன வசனமடி வைச்சனீ? என்னைப் பற்றியோ?"

"ஓம். ஒங்களப் பத்தித்தான்."

"ஏச்சோ?"

 கயிறு முறுகியிருந்தது, அதை என்ர சட்டைக் கழுத்துக்குள்ள நேராக்கி விட்டிட்டு, பாதைக்கு நேரமாகுது எண்டு பையை எடுத்தாள்.

அண்டையிலயிருந்து அது என்ர கழுத்தில கிடக்குது. செக்பொயின்டில, "என்ன இது?" எண்டு கேட்டால் கோயில் நூல் எண்டு சொல்லுவன். குளிக்கேக்க கழட்டி ஆணியில கொழுவுவன், பிறகு போடுவன். அதுக்குள்ள ஆராரோ பெற்ற பிள்ளையளின்ர துண்டுகள் கிடக்கு, எல்லாத்துக்கும் மேல ரபீக்கா என்னைப் பற்றி எழுதின ஒரு வசனம் கிடக்கு. என்னெண்டு எனக்குத் தெரியாது. ஏச்சாத்தான் இருக்கும். ஏசினால் ஏசட்டும். ஒரு நாள் மட்டும், திறந்து முடிய நான் திரும்பிப் பாக்கேக்க, அவள் கண்ணைத் துடைச்சுக்கொண்டிருந்தாள்.